வேரைத் தின்றது யார்?

அன்புள்ள நேயர்களே, வணக்கம். பல் சீரமைப்பு மருத்துவன் ஒருவனை வானொலியில் பேச அழைத்தால், அவன் தெத்துப்பல்லைப் பற்றியும் கிளிப் போட்டபின் வரும் சிரிப்பைப் பற்றியும் பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். கடைத்தெருவில் விளம்பரப் பலகைகளும் இருக்கின்றன. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக என் கவனம் போய் நிற்பதோ கண்ணாடியில் தெரியாத ஓர் இடத்தில். ஈறுக்கு அடியில், தாடை எலும்புக்குள் புதைந்திருக்கும் பல்லின் வேரைப் பற்றியும், பற்களை நகர்த்தும்போது அந்த வேரைச் சுற்றி எழும் அழற்சியைப் பற்றியும், அதே அழற்சி சில வேளைகளில் வேரைக் கரைத்துக் குட்டையாக்கிவிடுவதைப் பற்றியும் இன்று பேசப்போகிறேன். இதைக் கேட்டவுடன் பிள்ளையின் கிளிப்பைக் கழற்றச் சொல்லி யாரும் நாளைக் காலையில் மருத்துவரிடம் ஓட வேண்டாம். சற்றுப் பொறுத்து முழுவதும் கேளுங்கள்.

நான், விழுந்த பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன். எறிவதற்கு முன் அந்தப் பல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. பார்த்திருந்தால், அங்கே வேர் இல்லை என்பதையும், சொரசொரப்பான, சற்றே குழிந்த விளிம்பு மட்டுமே இருந்தது என்பதையும் கவனித்திருப்பீர்கள். பால் பல்லுக்கு வேரே கிடையாது, அதனால்தான் அது தானாக விழுகிறது என்று என் பாட்டி சொல்வார். பல் மருத்துவக் கல்லூரியில் சேரும்வரை நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலாண்டில் ஒருநாள், எங்கள் ஆசிரியர் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மேசையில் விரித்து, அதன்மேல் இரண்டு பற்களை வைத்தார். இரண்டுமே மேல்தாடைக் கடைவாய்ப் பால் பற்கள். ஒன்று, சொத்தை முற்றியதால் நான்கு வயதுக் குழந்தையிடமிருந்து பிடுங்கப்பட்டது. அதற்கு முக்காலியின் கால்களைப்போல அகன்று விரிந்த மூன்று நீண்ட வேர்கள் இருந்தன. மற்றொன்று, பதினொரு வயதில் தானாக விழுந்தது. அதற்கு வேர் என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆசிரியர் எங்களைப் பார்த்து, 'முன்பு இதற்கும் மூன்று வேர்கள் இருந்தன. அவற்றைத் தின்றது யார்?' என்று கேட்டார். கிருமி என்றான் ஒருவன். சொத்தை என்றாள் ஒருத்தி. கீழிருந்து முளைத்துவந்த நிலைப்பல் முட்டி முட்டித் தேய்த்துவிட்டது என்று நான் சொன்னேன். அது விடையின் அருகே வந்த பதில் என்பதால் அவர் என்னைப் பார்த்துச் சற்றுத் தலையசைத்தார். ஆனால் விடையைச் சொல்லாமலேயே கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் நுண்ணோக்கியின் முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். வேரின் ஓரத்தில் சிறு குழி ஒன்று. அந்தக் குழிக்குள், பல உட்கருக்களைக் கொண்ட ஒரு பெரிய செல், பலாச்சுளையை விழுங்கிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவரைப்போல அமர்ந்திருந்தது. வேரைத் தின்றவர் வெளியாள் யாரும் இல்லை. நம் உடலின் சொந்தச் செல்தான்.

இந்தக் கேள்வியை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல்லின் வேரைக் கரைக்கும் ஆற்றல் நம் உடலுக்கு இயல்பாகவே இருக்கிறது. பால் பற்கள் விழ அது தேவை. அது இல்லாவிட்டால் நிலைப்பற்களுக்கு வழி கிடைக்காது. அந்த ஆற்றல், விழக்கூடாத பல்லின்மீது, வேண்டாத வேளையில் விழித்துக்கொள்வதுதான் நம் இன்றைய சிக்கல்.

சரி, பல் எப்படி நகர்கிறது? பலரும் நினைப்பதுபோலப் பல், சுவரில் அடித்த ஆணியாக எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே தடிமன் கொண்ட நார்த்திசு ஒன்று இருக்கிறது. தூளியில் குழந்தை தொங்குவதுபோலப் பல் அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சோற்றில் சிறு கல் ஒன்று கடிபட்டால், எந்தப் பல்லில் கடிபட்டது என்பது முதற்கொண்டு அந்தக் கணமே உங்களுக்குத் தெரிகிறதே, அந்த உணர்வைத் தருவதில் இந்த நாருக்குப் பெரும் பங்கு உண்டு. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த உயிருள்ள திசு அது. பல்லுக்குப் பதிலாகத் தாடையில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட்டுக்கு இந்த நார் கிடையாது. ஆகவே அதை எத்தனை மாதம் கம்பி போட்டு இழுத்தாலும் அது நகராது. ஆக, பல் நகர்வது கம்பியின் வலிமையால் மட்டும் நிகழ்வதன்று. அந்த நாரும் எலும்பும் சேர்ந்து செய்யும் மறுமொழியால் நிகழ்வது.

கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்து நார் நசுங்குகிறது, மறுபக்கத்து நார் இழுபடுகிறது. நசுங்கும் பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைகிறது. அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின், இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து, இங்கே நெருக்கடி என்று அறிவிக்கின்றன. சுற்றியுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வெள்ளணுக்கள் வருகின்றன, இரத்தத்தின் வழியே வந்த செல்கள் ஒன்றோடொன்று இணைந்து எலும்பைக் கரைக்கும் பெரிய செல்களாக மாறி, அமிலத்தைச் சுரந்து எலும்பை அரிக்கத் தொடங்குகின்றன. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உருவாகிறது. முன்னால் கரைந்து பின்னால் நிரம்பப் பல் மெல்ல இடம் மாறுகிறது. மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்பது நல்ல வேகம்.

இதற்குப் பெயர்தான் அழற்சி. அழல் என்றால் தீ. வீக்கமும் சிவப்பும் சூடும் வலியும் சேர்ந்து வருவதைக் கண்டு நம்மவர்கள் பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அழற்சி என்றாலே கிருமி வந்துவிட்டது, சீழ் பிடித்துவிட்டது என்று எண்ணுகிறோம். பல் நகரும்போது வேரைச் சுற்றி எழும் அழற்சியில் கிருமிக்கு வேலையே இல்லை. கம்பியை மாற்றிய பிறகு இரண்டு மூன்று நாள்களுக்கு முறுக்கு கடிக்க முடியாமல் இட்லியும் கஞ்சியுமாகக் காலம் தள்ளுகிறீர்களே, அது இந்த அழலின் வெம்மை. இதை நான் மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் என் உரை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது: இந்த அழற்சி இல்லாமல் பல் நகராது. அடுப்பில் தீ இல்லாமல் சோறு வேகாது. தீ மிகுந்தால் அடி பிடித்துவிடும். வேர் கரைவது என்பது அந்த அடிபிடித்தல்தான்.

அப்படியானால் எலும்பு கரையும்போது, அதை ஒட்டியே இருக்கும் வேர் ஏன் உடனே கரைந்துவிடுவதில்லை என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். வேரின்மேல் சிமெண்டம் என்னும் மெல்லிய பூச்சு இருக்கிறது. பெயரைக் கேட்டு வீடு கட்டும் சிமெண்டை நினைத்துக்கொண்டாலும் பெரிய தவறில்லை. அந்தப் பூச்சின் வெளிப்புறத்தில், இன்னும் சுண்ணம் ஏறாத இளம் படலம் ஒன்றும், அதைக் காத்து நிற்கும் செல்களின் வரிசை ஒன்றும் இருக்கின்றன. கரைக்கும் செல்களுக்குச் சுண்ணம் ஏறிய பரப்பு வேண்டும்; சுண்ணம் ஏறாத படலத்தில் அவற்றுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. இந்தக் காப்பு நீடிக்கும்வரை எலும்பு விட்டுக்கொடுக்கிறது, வேர் தப்பிக்கிறது.

விசை மிகும்போதுதான் கதை மாறுகிறது. நசுங்கும் பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைவதோடு நில்லாமல் முற்றாக நின்றுவிட்டால், அங்குள்ள நார் இறந்துபோகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களே இல்லாத அந்த இடம் கண்ணாடித் துண்டுபோலத் தெரியும். நாய்களின் பற்களை நகர்த்திப் பார்த்து இதை முதலில் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட், ஆண்டு 1904. இறந்த திசுவை உடல் அப்படியே விட்டுவைக்காது. துப்புரவு செய்யும் செல்கள் சுற்றிலுமிருந்து வந்து அதை அகற்றுகின்றன. அகற்றும்போது, சுவரில் ஒட்டிய பழைய சுவரொட்டியைக் கிழித்தால் கூடவே சுண்ணாம்பும் பெயர்ந்து வருவதுபோல, வேரின் காப்புப் படலமும் சேர்ந்து போய்விடுகிறது. சுண்ணம் ஏறிய பரப்பு வெளியே தெரிந்தவுடன் கரைக்கும் செல்களுக்குப் பிடிமானம் கிடைத்துவிடுகிறது. அங்கே குழி விழுகிறது. குழிகள் வேரின் நுனியில் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் வேர் குட்டையாகிறது.

எவ்வளவு விசை மிகை? 1932ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த ஷ்வார்ஸ் என்பவர், நுண்ணிய இரத்தக் குழாய்களில் உள்ள அழுத்தத்தை மீறாத விசையே நல்லது என்று வாதிட்டு, வேரின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 20 முதல் 26 கிராம் என்று ஒரு கணக்கும் சொன்னார். நம்மிடம் புழங்கும் ஒரு ரூபாய் நாணயங்கள் ஏழெட்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான். முன்பல்லை எலும்புக்குள் உள்நோக்கி அழுத்த வேண்டியிருந்தால், விசை முழுவதும் வேரின் கூரிய நுனியில் குவிவதால், பல் ஒன்றுக்கு 10 முதல் 20 கிராம் போதும் என்பது இன்றைய நடைமுறை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நாம் சொல்வதை இந்தத் துறை மிகுந்த செலவு செய்து மறுபடியும் கண்டுபிடித்தது என்று என் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இனி, நான் ஆண்டுகள் பல கடந்தும் மறக்காத ஒரு நிகழ்ச்சி. நான் தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் வந்தார். மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன. தை மாதத்தில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு ஆண்டு ஆகக்கூடிய வேலையைப் பதினான்கு மாதங்களில் முடித்துத் தர முடியுமா என்று அவருடைய தந்தையார் கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்; அந்த வயதில் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. தடித்த கம்பிக்கு விரைவாகவே மாறினேன். இழுக்கும் ரப்பரை விடாமல் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அந்தப் பெண்ணும் ஒரு நாள்கூடத் தவறாமல் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் பற்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. எனக்கும் பெருமையாக இருந்தது. நடுவில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. கிளிப்பைக் கழற்றியபின் எடுத்தேன். மேல் முன்பற்கள் நான்கின் வேர்களும், கூராக முடிய வேண்டிய இடத்தில், பழைய பென்சிலின் மழுங்கிய முனைபோல முடிந்திருந்தன. நடு முன்பல்லின் வேர் பொதுவாக 13 மில்லிமீட்டர் இருக்கும். அவருடையதில் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டரைக் காணவில்லை. படத்தை விளக்கின் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றபோது, வேரைத் தின்றது யார் என்று ஆசிரியர் கேட்டது காதில் விழுந்தது. தின்றது அவருடைய உடலின் செல்தான். ஆனால் பந்தி விரித்தவன் நான்.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஆண்டுதோறும் வந்து காட்டிவிட்டுப் போகிறார். இன்றும் அந்தப் பற்கள் உறுதியாகவே இருக்கின்றன. பொங்கலுக்குக் கரும்பைக் கடிக்கலாமா என்று ஒருமுறை கேட்டார். வெட்டித் தின்னுங்கள் அம்மா என்றேன். விசையை எடுத்துவிட்டால் இந்தக் கரைவு நின்றுவிடுகிறது என்பதுதான் இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய ஆறுதல். அழல் அடங்கியபின் வேரின் பக்கங்களில் உள்ள சிறு குழிகளைப் புதிய சிமெண்டம் வந்து நிரப்பிவிடும். போன நுனி மட்டும் திரும்ப முளைக்காது.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களைக் கலவரப்படுத்தியவன் ஆவேன். கிளிப் போட்ட பற்களை நுண்ணோக்கியில் பார்த்தால், பெரும்பாலானவற்றின் வேர்களில் சிறு குழிகளாவது இருக்கும். எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்குக் குட்டையானாலும் பெரும்பாலும் இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்டதாகவே இருக்கும். அதனால் ஆயுளுக்கும் தொல்லை இல்லை. நான்கு மில்லிமீட்டருக்குமேல், அல்லது வேரில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் போவது நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு நேரலாம். அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆல்பர்ட் கெட்சம் என்ற மருத்துவர், 1927இல் எக்ஸ்ரே படங்களை அடுக்கிவைத்து, நம் சிகிச்சையால் இது நேர்கிறது என்று தம் துறையினரின் முன்னால் சொன்னார். தம் தொழிலின் குறையைத் தாமே சொன்ன அவருடைய பெயரில்தான் இன்று அந்நாட்டில் இந்தத் துறையின் உயரிய விருது ஒன்று வழங்கப்படுகிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

யாருக்கு அதிகமாக வரும்? கூரிய நுனியோ வளைந்த நுனியோ கொண்ட வேர்கள், நீண்ட காலச் சிகிச்சை, வேர் நெடுந்தொலைவு நகர வேண்டிய நிலை, முன்பு அடிபட்ட பல் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. உடன்பிறந்தோரிடையே இது ஒத்துப்போவதைப் பார்க்கிறோம். ஆகவே அக்காவுக்கு வேர் கரைந்திருந்தால் தம்பியைப் பார்க்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அடிபட்டதையும் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு ஆறாம் மாதத்தில் எடுத்த படத்தில் ஒரே ஒரு முன்பல்லின் நுனி மட்டும் கரைந்திருந்தது. விசாரித்தபோது, ஒன்பது வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததை அவனுடைய தாயார் நினைவுபடுத்திக்கொண்டு, 'பல்தான் உடையவில்லையே டாக்டர், அதனால் சொல்லவில்லை' என்றார். அவர்மீது குற்றமில்லை, கேட்டிருக்க வேண்டியவன் நான். விசையை முற்றிலும் எடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருந்தேன். இப்படி இரண்டு மூன்று மாதம் இடைவெளி விட்டுத் தொடர்ந்தால் மேற்கொண்டு கரைவது குறைகிறது என்பதைச் சுவீடன் மருத்துவர்கள் 1990களில் காட்டியிருக்கிறார்கள். பையனுக்கு அந்த மூன்று மாதமும் கொண்டாட்டம். தாயாருக்குத்தான் பொறுமை போயிற்று.

ஆகவேதான் நான் போகுமிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், நண்பர்கள் கேலி செய்யும் அளவுக்கு. கிளிப் போட்டு ஆறு முதல் ஒன்பது மாதத்திற்குள் முன்பற்களின் வேர்களை ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்திற்குள் கரைவு தெரியாத வேர்கள் பின்னால் கடுமையாகக் கரைவது அரிது. தெரிந்தால் வேகத்தைக் குறைக்க நேரம் இருக்கிறது. வேர் கரையும்போது வலிக்காது, பல் ஆடாது, ஈறு வீங்காது. படத்தைத் தவிர அதைச் சொல்லும் சாட்சி வேறில்லை. அதேபோல, 'இந்த முறை வலிக்கவே இல்லை டாக்டர், சரியாக இறுக்கவில்லையோ?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வலி மிகுந்தால் வேலை மிகுதியாக நடக்கிறது என்று பொருளில்லை. நசுங்கி இறந்த திசுவை அகற்றவே வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பல் ஓரடிகூட எடுத்துவைக்காது. மிகுந்த விசை என்பது, அவசரப்பட்டுத் தாமதமாகும் வழி.

இன்னோர் அழற்சி இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகப் பேசக் குறிப்பு எழுதிவந்தேன். கிளிப்பைச் சுற்றித் தங்கும் உணவுத் துகளிலும் அழுக்குப் படலத்திலும் வளரும் கிருமிகளால் ஈறின் ஓரத்தில் வந்து, முற்றினால் பல்லின் கழுத்துப் பக்கத்து எலும்பைக் கரைப்பது அது. வேரை ஒரு முள்ளங்கியாக நினைத்துக்கொள்ளுங்கள். நுனிப் பக்கம் மூன்று அங்குலம் வெட்டினாலும் போவது மெல்லிய வால். மேற்பக்கம் ஓர் அங்குலம் வெட்டினாலே பெரும்பகுதி போய்விடும். பல்லின் பிடிமானத்தைக் கணக்கிட்டவர்கள், நுனியில் மூன்று மில்லிமீட்டர் வேர் போவதும் கழுத்துப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் எலும்பு போவதும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பு என்கிறார்கள். நுனியின் அழல் பெரும்பாலும் மருத்துவர் கையில். ஈறோரத்து அழல் உங்கள் கையில், பிரஷ் பிடிக்கும் கையில்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து கைகாட்டுகிறார்கள். இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவற்றைத் தொடர்ந்து விழுங்கினால், அவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுப்பதால் பல் நகர்வது மந்தப்படலாம். ஆகவே ஓரிரு நாள் வலிக்குப் பாராசிட்டமால் போதும் என்றே பெரும்பாலும் சொல்கிறோம். மூட்டுவலிக்கோ இதயத்துக்கோ மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை இதற்காக நிறுத்திவிடாதீர்கள், எங்களிடம் சொன்னால் போதும். கிளிப்புக்குப் பதிலாகப் பற்களின்மேல் கழற்றி மாட்டும், கண்ணாடிபோலத் தெளிவான உறைகளைப் பற்றிப் பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அவற்றிலும் வேர் கரையக்கூடும், ஆகவே அங்கும் அந்த எக்ஸ்ரே வேண்டும். கோரைப்பல் முளைக்காமல் உள்ளேயே படுத்துக்கொண்டு, கிளிப்பே போடாத பிள்ளையின் பக்கத்துப் பல் வேரைக் கரைத்துவிடுவதைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன். அதற்கு இப்போது நேரமில்லை. பத்து வயதில் மேல் ஈறில், கோரைப்பல் வர வேண்டிய இடத்தில் விரலால் தடவி, இரு பக்கமும் மேடு தட்டுப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள். தட்டுப்படாவிட்டால் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வணக்கம்.